பழைய டோல்கேட் சட்டங்கள்: அப்படியே விடுவதா, பார்த்துப் பார்த்து நீக்குவதா, மொத்தமாகத் துடைப்பதா?

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஐன்ஷம் என்று ஒரு ஊர். அங்கே தேம்ஸ் நதிக்கு மேல் ஸ்வின்ஃபோர்ட் பாலம் இருக்கிறது. காரில் கடந்தால் 5 பென்ஸ் சுங்கம் கட்ட வேண்டும். இந்தக் காலத்தில் 5 பென்ஸுக்கு ஆள் வைத்து வசூலிக்கிறார்களா என்று தோன்றும், வசூலித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். காரணம் 1767-இல் நிறைவேறிய ஒரு சட்டம். அது அபிங்டன் பிரபுவுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும், அவர்களிடமிருந்து வாங்குகிறவர்களுக்கும் சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் காலவரம்பே இல்லாமல் கொடுத்தது. அந்த வருமானத்துக்கு வரி கிடையாது. போதாததற்கு, ஆற்றில் மேலும் கீழும் மூன்று மைலுக்கு வேறு யாரும் பாலம் கட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 2009-இல் பாலம் ஏலத்துக்கு வந்தபோது 10 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. கல்லுக்கும் சுண்ணாம்புக்குமா அவ்வளவு விலை? 240 வருடப் பழைய ஒரு சட்டத்துக்குத்தான்.

இதே 18-ஆம் நூற்றாண்டில் இதே நாடாளுமன்றம், இதே நடையில், சாலைகளுக்காகவும் சுங்கச் சட்டங்களை ஆயிரக்கணக்கில் போட்டுத் தள்ளியது. அவற்றில் ஒன்றுக்குக்கூட இன்று வேலை இல்லை. வசூலித்த டிரஸ்ட் (சாலையைப் பராமரித்துச் சுங்கம் வாங்கச் சட்டம் அமைத்த குழு) கலைந்துவிட்டது, குறுக்கே போட்ட தடுப்புக் கட்டை போன இடம் தெரியவில்லை, சுங்கக்காரர் குடியிருந்த வீட்டில் வேறு யாரோ குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் ஒரு அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது ஆண்டுதோறும் பணம் கொட்டுகிற சட்டம், எது வெறும் காகிதம் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பழைய சாலைச் சட்டங்களை ஒரு நாடு என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தால், நடைமுறையில் மூன்று வழிகள்தான் தேறுகின்றன. தூசி படியட்டும் என்று விட்டுவிடலாம். ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தொகுதி தொகுதியாக நீக்கலாம். அல்லது, 'இந்தத் தேதிக்கு முந்தைய எல்லாம் ரத்து, காப்பாற்ற வேண்டியதை மட்டும் பட்டியல் போடுகிறோம்' என்று ஒரே வீச்சில் துடைக்கலாம். தானாகக் காலாவதியாகும் விதி என்று நாலாவது ஒன்றையும் சிலர் சொல்வார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன், அதில்தான் இந்தக் கதையின் பெரிய கிண்டல் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 'டர்ன்பைக்' என்பது சாலைக்குக் குறுக்கே போட்ட தடுப்புக் கட்டை. பழைய ஏற்பாட்டில் சாலையைப் பராமரிப்பது அந்தந்தப் பகுதி மக்களின் தலைவலி, வருடத்தில் சில நாள் கூலியில்லாமல் வந்து சாலை வேலை செய்ய வேண்டும். லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில் வண்டிகள் பெருகியதும், யாரோ போகிற பாதையை நாங்கள் ஏன் சீர்செய்ய வேண்டும் என்று வழியிலிருந்த ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக 1663-இல் முதல் சுங்கச் சாலைச் சட்டம் வந்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரின் வேட்ஸ்மில்லில் கட்டை போட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு டிரஸ்ட், ஒவ்வொரு டிரஸ்டுக்கும் தனியாக ஒரு சட்டம் என்று ஆகிவிட்டது. சுங்க வருமானத்தை அடகு வைத்துக் கடன் வாங்கு, சாலை போடு, வசூலித்துக் கடனைக் கட்டு, இதுதான் முறை. 1830-களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 1,100-க்கும் மேற்பட்ட டிரஸ்டுகள், சுமார் 22,000 மைல் சாலை, கிட்டத்தட்ட 8,000 கட்டைகள். மக்கள் சும்மா இருக்கவில்லை. பிரிஸ்டலில் கட்டையை உடைத்தார்கள், அதற்கு மரண தண்டனை வரைக்கும் சட்டம் போனது. 1839-இல் தொடங்கி 1843 வரை மேற்கு வேல்ஸில் ஆண்கள் பெண் வேடமிட்டு, 'ரெபேக்காவும் அவள் மகள்களும்' என்று பெயர் வைத்துக்கொண்டு, ராத்திரியில் வந்து கட்டைகளை நொறுக்கினார்கள். அதன் பலனாக 1844-இல் தென் வேல்ஸுக்குத் தனிச் சட்டம் வந்து, சிதறிக் கிடந்த டிரஸ்டுகளை மாவட்ட வாரியங்களின் கீழ் சேர்த்தது. மற்ற இடங்களில் ரயில் வந்து டிரஸ்டுகளைப் பட்டினி போட்டுக் கொன்றது. கடைசி டிரஸ்ட், ஆங்கிள்ஸீ தீவில் ஹோலிஹெட் சாலையில் இருந்தது, 1895-இல்தான் கடையை மூடியது.

நம் பக்கம் முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயரே நின்றுவிட்டது. இங்கிலாந்தில் அப்படி ஒரு பட்டம் வாங்க ஆளே இல்லை, ஏனென்றால் அங்கே சுங்கத்தை யாரும் ஒரு நாளில் தவிர்க்கவில்லை. அறுபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனது. இன்றைய குழப்பத்துக்கு வேர் அதுதான். ஒரு ராஜா ஒரே ஆணையில் ஒழித்திருந்தால் நீக்க வேண்டிய சட்டம் எது என்ற கேள்வியே வந்திருக்காது.

சரி, முதல் வழி: விட்டுவிடுவது. உண்மையைச் சொன்னால் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். செத்த சட்டம் யாரைக் கடிக்கப் போகிறது? அதை நீக்குவதற்குச் செலவாகும் வக்கீல் நேரத்தில் உயிரோடு இருக்கும் நாலு மோசமான சட்டத்தைத் திருத்தலாமே என்று தோன்றியது. இந்த வாதத்தில் உள்ள ஓட்டை, ஆங்கிலேயச் சட்டத்தில் பயன்பாடு இல்லாததால் மட்டும் ஒரு சட்டம் சாகாது என்பது. நாடாளுமன்றம் கொன்றால்தான் சாகும். 1817-இல் ஏப்ரஹாம் தார்ன்டன் என்பவர் ஒரு கொலை வழக்கில் விடுதலையானபின், கொல்லப்பட்ட பெண்ணின் அண்ணன் பழைய முறைப்படி மறுபடி அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார். தார்ன்டன் கையுறையைத் தரையில் எறிந்து, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் வா என்றார். இடைக்கால வழக்கம், யாரும் அதை நீக்கியிருக்கவில்லை. நீதிபதிகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே, சட்டம் இருக்கிறது, உரிமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள். எதிராளி சண்டைக்கு வரவில்லை, 1818-இல் தார்ன்டன் வீட்டுக்குப் போனார். அடுத்த வருடமே நாடாளுமன்றம் அவசரமாக அந்த முறையை நீக்கியது. 'யாருக்கும் ஞாபகம் இல்லாத சட்டம்' என்பது 'இல்லாத சட்டம்' ஆகாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. 1995-இல் புனே மாநகராட்சி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், அதுவும் சுங்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பியான ஆக்ட்ராய் (ஊருக்குள் வரும் சரக்குக்கு வாங்கும் வரி) பற்றியது, நீண்ட காலம் கைவிடப்பட்டு, அதற்கு நேர்மாறான நடைமுறை வேரூன்றிவிட்டால் ஒரு சட்டத்தை ஒழிந்ததாகக் கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்திலும் 1707-க்கு முந்தைய சட்டங்களுக்கு இந்த மாதிரி ஒரு கொள்கை உண்டு. ஆனால் இதை நம்பி எதையும் விட்டுவிட முடியாது. ஒழிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் வழக்குப் போட வேண்டும் என்றால் அது தீர்வா?

விட்டுவிடுவதில் இன்னொரு செலவும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத செலவு. சாலையோரம் ஒரு நிலத்தை வாங்குகிறார் ஒருவர். 1790-இல் ஒரு டிரஸ்டுக்கு அந்த இடத்தில் மண் எடுக்க, வடிகால் வெட்ட அதிகாரம் கொடுத்த சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை என்று அவருடைய வக்கீலுக்குத் தெரிய வந்தால், அவர் அதைப் படிக்காமல் விட முடியாது. படிப்பதற்குக் காசு வாங்காமலும் விட மாட்டார்.

இரண்டாவது வழி, ஆராய்ந்து தொகுதியாக நீக்குவது. இங்கிலாந்து எடுத்த வழி இதுதான். 1965-இல் சட்ட ஆணையம் அமைத்தபோதே, வழக்கொழிந்த சட்டங்களை நீக்கப் பரிந்துரைப்பதும் அதன் கடமை என்று எழுதி வைத்தார்கள். ஆணையத்தில் சிலர் உட்கார்ந்து, ஒரு மாவட்டத்தின் சுங்கச் சாலைச் சட்டங்களை எல்லாம் எடுத்து, எந்தச் சாலை, எந்த டிரஸ்ட், எப்போது கலைந்தது, கடன் அடைந்ததா, நிலம் யாருக்குப் போனது என்று தேடுகிறார்கள். அந்தப் பகுதி கவுன்சிலுக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் எழுதிக் கேட்கிறார்கள். ஆட்சேபம் இல்லையென்றால் பட்டியலில் சேர்க்கிறார்கள். 2008-இல் வந்த நீக்கச் சட்டம் சுமார் 260 முழுச் சட்டங்களைத் தூக்கியது. அதில் டர்ன்பைக்குகளுக்கு என்றே ஒரு பகுதி இருந்தது, பக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஒரு பகுதி. 2013-இல் வந்தது இன்னும் பெரியது, 800-க்கும் மேல்.

இந்த வழியின் பலம், ஸ்வின்ஃபோர்ட் மாதிரி உயிருள்ள சட்டம் தவறிப்போய்க் குப்பைக் கூடைக்குள் விழாது. பலவீனம், ஆமை வேகம். ஆணையத்துக்கு வேறு வேலைகள் இருக்கின்றன, அரசியல்வாதிகளுக்கு இதில் கைத்தட்டல் கிடையாது. 2015-இல் தயாரான 20-வது அறிக்கையும் அதனுடன் வந்த மசோதாவும் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. வேலை முடிந்தும் பலன் இல்லை.

நீக்கினால் சாலையே போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போகாது. ஒருமுறை பொதுச் சாலையானது என்றும் பொதுச் சாலையே என்பது அங்கே பழைய விதி. டிரஸ்ட் போனாலும் அதன் சட்டம் போனாலும் சாலையில் நடக்கும் உரிமை போகாது. இன்னொரு பயம், புதிய சட்டத்தை நீக்கினால் அதற்கு முன்னால் இருந்தது எழுந்து வந்துவிடுமோ என்பது. நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பழைய ஆங்கிலேயச் சட்ட மரபில் அப்படித்தான் நடக்கும், நீக்கியதை நீக்கினால் முதலாவது திரும்ப உயிர்பெறும். இன்று பிரிட்டனில் 1978-ஆம் ஆண்டு பொருள்விளக்கச் சட்டமும் இந்தியாவில் 1897-ஆம் ஆண்டு பொது வாசகங்கள் சட்டமும் அந்தக் கதவை அடைத்துவிட்டன. நீக்கத்துக்கு முன் கிடைத்த உரிமை, ஏற்பட்ட கடப்பாடு எல்லாம் நிற்கும் என்றும் அவை சொல்கின்றன. ஆனால் நாளைக்கு வரப்போகும் காரிடம் 5 பென்ஸ் வாங்கும் அதிகாரம் 'ஏற்கெனவே கிடைத்த உரிமை'யில் சேருமா? அது வக்கீல்களுக்குத் தலைவாழை விருந்து. ஆகவே தெரியாமல் நீக்கிவிட்டு, காப்பு விதி பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது.

மூன்றாவது, மொத்தமாகத் துடைப்பது. அயர்லாந்து செய்தது. 2007-இல் ஒரு சட்டம் போட்டு, சுதந்திர நாடு உருவான 1922 டிசம்பர் 6-க்கு முந்தைய பொதுச் சட்டங்களில், காப்பாற்றுவதாகப் பட்டியலிட்ட 1,364 தவிர மற்ற எல்லாம் ரத்து என்றார்கள். பெயர் சொல்லி ரத்தானவை மட்டும் 3,225. அப்புறம் 2009-லும் 2012-லும் உள்ளூர்ச் சட்டங்கள், தனியார் சட்டங்கள் பக்கம் திரும்பினார்கள். சுங்கச் சாலைகளைப் பொறுத்தவரை அயர்லாந்து முன்னாலேயே முந்திக்கொண்டது, அங்கே 1857-இல் நிறைவேறிய ஒரே சட்டம் டர்ன்பைக் முறையை முடித்து வைத்தது.

கேட்கக் கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் இருந்தது. 'இல்லாதது எல்லாம் ரத்து' என்பதில் ஒரு சுத்தம் இருக்கிறது, சாதாரண ஆள்கூடப் பட்டியலைப் பார்த்து எது சட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காப்புப் பட்டியலை எப்படித் தயாரித்தார்கள் என்று பாருங்கள். எல்லாச் சட்டத்தையும் முதலில் எண்ணி, எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்த்தபிறகுதான். ரத்தாகும் 3,225-ஐயும் பெயர் சொல்லியே பட்டியலிட முடிந்தது என்றால், அவர்களும் இரண்டாவது வழியின் உழைப்பை முழுதாகச் செய்துவிட்டுத்தான் மூன்றாவது வழியின் வாசகத்தை மேலே போர்த்தினார்கள் என்று அர்த்தம். அந்த உழைப்பு இல்லாமல் போர்வையை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வேறு விளைவு. சிரமம் அரசாங்கத்திடமிருந்து உரிமைக்காரர் தலைக்கு மாறிவிடும். ஏதோ ஒரு பாலத்தையோ படகுத்துறையையோ பழைய சட்டத்தை நம்பி நடத்துகிறவர், பட்டியலில் தன் பெயர் இல்லை என்று கெடு முடிந்தபின் தெரிந்துகொள்வார். பெரிய நிலக்கிழாருக்கு வக்கீல் இருப்பார், அவர் தப்பித்துக்கொள்வார்.

இந்தியாவைப் பார்த்தால் இந்த ஆபத்து இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய சட்டங்களை ஆராய 2014-இல் மத்திய அரசு அமைத்த ராமானுஜம் குழு, 2,781 மத்திய சட்டங்களில் 1,741-ஐ நீக்கலாம் என்றது. அதே வருடம் சட்ட ஆணையமும் வரிசையாக அறிக்கைகள் கொடுத்தது. கங்கையில் போகும் படகுகளுக்கு 12 அணாவுக்கு மிகாமல் சுங்கம் வாங்கலாம் என்ற 1867-ஆம் ஆண்டு கங்கைச் சுங்கச் சட்டம் அதில் எல்லோருடைய கண்ணிலும் பட்ட உருப்படி. அணாவே இல்லாத நாட்டில் 12 அணா. சிரித்துவிட்டு நீக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. எண்ணிக்கையைக் கண்டு மட்டும் மயங்காதீர்கள். 2016-இல் ஒரே சட்டத்தில் 750-க்கும் மேல் நீக்கினார்கள், அவை எல்லாம் அந்தந்த வருடச் செலவுக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்கள். வேலை முடிந்த ரசீதுகளைக் கிழிப்பது போலத்தான்.

இப்போது கங்கைச் சட்டத்துக்குப் பக்கத்தில் 1901-ஆம் ஆண்டின் ராணுவச் சுங்க விலக்குச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். அதுவும் விக்டோரியா காலத்து வாடை அடிக்கும், பெயரைப் பார்த்தாலே தூக்கிப் போடலாம் என்று தோன்றும். ஆனால் பணியில் இருக்கும் ராணுவத்தினர் சுங்கச்சாவடியில் கட்டணமில்லாமல் போகக் காட்டும் ஆதாரம் அதுதான், பணியில் இல்லாதவருக்கும் ஓய்வுபெற்றவருக்கும் உண்டா என்று அதை வைத்துத்தான் சாவடிகளில் இன்றும் தகராறு நடக்கிறது. (பழைய டர்ன்பைக் கட்டைகளிலும் சிப்பாய்க்கு விலக்கு இருந்தது. தபால் வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவருக்கும், சவ ஊர்வலத்துக்கும்கூட.) 1851-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் அப்படியே, சாலைகளிலும் பாலங்களிலும் வசூலிக்க மாநில அரசுகள் பிற்காலத்திலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதில் இன்னொரு முடிச்சு, அரசியலமைப்பில் சுங்கம் மாநிலப் பட்டியலில் 59-ஆம் இனம். பழைய காலச் சட்டம் மத்தியில் பிறந்திருந்தாலும், அதைத் தன் எல்லைக்குள் நீக்க வேண்டியது மாநிலச் சட்டமன்றம். டில்லியில் உட்கார்ந்து 'எல்லாம் ரத்து' என்று வீசும் துடைப்பம் அங்கே எட்டாது.

நாலாவது யோசனைக்கு வருகிறேன். எல்லாச் சட்டத்துக்கும் ஆயுள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், டர்ன்பைக் சட்டங்களுக்கு ஆயுள் இருந்தது! 1663-இன் சட்டத்துக்கு 11 வருடம், பிறகு வழக்கமாக 21 வருடம். சாலை சரியானதும் கட்டையை எடுத்துவிடுவார்கள் என்பது எண்ணம். நடந்தது என்ன? 21 வருடம் முடியும்போது கடன் தீர்ந்திருக்காது, கடன் கொடுத்தவர்கள் நாடாளுமன்றத்தில் நண்பர்கள் வைத்திருப்பார்கள், இன்னொரு சட்டம் வந்து இன்னொரு 21 வருடம் கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதுவும் அலுத்துப்போய், காலாவதியாகும் டிரஸ்டுகளை எல்லாம் ஒட்டுமொத்தமாக நீட்டிக்க வருடத்துக்கு ஒரு தொடர்ச்சிச் சட்டம் போட ஆரம்பித்தார்கள். கடைசியில், ஆயுள் வைத்த ஒரு சட்டத்தைச் சுற்றி அதை நீட்டித்த, திருத்திய, இன்னொன்றோடு இணைத்த நாலைந்து சட்டங்கள் மிச்சமாயின. நீக்க வேண்டிய குவியல் பெருகியதற்கு ஆயுள் விதியே ஒரு காரணம். கடன்காரர் காத்திருக்கும் இடத்தில் காலாவதித் தேதி என்பது மறுபேச்சுவார்த்தைக்கான தேதிதான்.

ஆக, என் தேர்வு இரண்டாவது வழி, ஆனால் இன்று நடக்கும் விதத்தில் அல்ல. மொத்த நாட்டையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரு மாவட்டத்தை எடுக்க வேண்டும், ஏனென்றால் சாலையின் கதை தெரிந்த ஆவணக் காப்பகமும் கவுன்சிலும் அந்த அளவில்தான் இருக்கின்றன. சாலைச் சட்டத்தையும் பாலச் சட்டத்தையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். சாலை டிரஸ்டுகள் எல்லாமே 1895-க்குள் முடிந்துவிட்டதால் அங்கே சந்தேகம் வந்தால் நீக்கும் பக்கம் சாயலாம். பாலம், படகுத்துறை என்றால் எதிர்ப்பக்கம் சாய வேண்டும், இன்று யாராவது வசூலிக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. நேரில் போவது என்றால் நிஜமாகவே நேரில் போவது.

ஆனால் எவ்வளவு ஆராய்ந்து நீக்கினாலும் ஸ்வின்ஃபோர்ட் மாதிரி உயிரோடு இருக்கும் சட்டத்தைத் துப்புரவு வேலையோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. சுங்கம் வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்களே பல காலமாகக் குரல் கொடுக்கிறார்கள், வரிசையில் நிற்கும் எரிச்சல் 5 பென்ஸைவிடப் பெரியது. அதற்கு உரிமைக்காரரிடம் பேரம் பேசி, விலை கொடுத்து, தனியாக ஒரு சட்டம் போட்டு வாங்க வேண்டும். பணம் யார் தருவது என்று கேட்டால் அங்கேதான் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள்.